புழுத்த பயறும் ஒரு மரபணு வரைபடமும்

பயறு வண்டைப் பற்றி எழுத ஒரு தலித் பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நிலம், கூலி, இடஒதுக்கீடு, வன்கொடுமை என்று எழுதித் தீராதவை எத்தனையோ கிடக்க, பாசிப்பயறின் குரோமோசோமுக்குள் போய் எதைத் தேடுகிறாய் என்று கேட்கலாம். விதையைப் பற்றிய அறிவும் சட்டமும் நம்மைக் கேட்காமலேயே எழுதப்பட்டு வருகின்றன. அந்த எழுத்துக்குள் நாம் இருக்கிறோமா, இருந்தால் எந்தப் பெயரில் இருக்கிறோம் என்று வாசித்துப் பார்க்கும் பொறுப்பு நமக்கு உண்டு. 'விஞ்ஞானம் அவர்களுக்கு, போராட்டம் நமக்கு' என்று ஒதுங்கிக்கொள்வதும் ஒருவகை வர்ணப் பிரிவினைதான்.

முதலில் வண்டு. ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. வயலில் காய் முற்றும்போதே வந்து காயின்மேல் முட்டை வைத்துவிடும். அறுவடையோடு வீட்டுக்கு வரும். பானைக்குள் வந்தபிறகு விதைமேலேயே முட்டையை ஒட்டும். முட்டையிலிருந்து வரும் புழு வெளியே தலைகாட்டாது. முட்டைக்கு அடியிலேயே விதைத்தோலைத் துளைத்து உள்ளே போய், பருப்பைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, கடைசியில் வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வண்டாக வெளியே வரும். நம் ஊர் வெக்கைக்கு இத்தனையும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். வந்த வண்டுக்குத் தீனி வேண்டியதில்லை, அடுத்த விதைமேல் முட்டை வைக்க வேண்டியதுதான் வேலை. ஒரு பெட்டை வண்டு எண்பது முட்டைக்குக் குறையாமல் வைக்கக்கூடியது. வட்டிக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், இது கூட்டு வட்டி. பங்குனியில் பானையில் போட்ட பயறு ஆவணியில் மாவாக இருக்கும்.

அந்த மாவு யார் வீட்டுக்கு வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காவிரிச் சமவெளியில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற கதிருக்குள் ஈரம் காயுமுன் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்தபிறகு பனியிலும் மிச்ச ஈரத்திலும் பயிர் தானாக வளரும். பயறு எடுப்புக்குப் போகிறவர்கள் நம் தெருப் பெண்கள். என் அம்மா காலத்தில் எடுப்புக் கூலியைப் பயறாகவே அளந்தார்கள். புதுப் பயறு பண்ணை வீட்டுக் குதிருக்குப் போகும். வேலையில்லாத ஆடி மாதத்தில் கடனாகக் கேட்டு நின்றால் அளந்து போடுவது உளுத்த பயறு. 'மொறத்துல கொட்டுனா பயறு நடந்து போவும்டா' என்று அம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கூலி உயர்வு கேட்டதற்கு 1968இல் வெண்மணியில் 44 பேரை எரித்த சமவெளி இது. இங்கே படியில் என்ன அளந்தார்கள் என்பது சமையல் குறிப்பு அல்ல, வரலாறு.

2

1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல பயறு வகைகளை வண்டுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடகாஸ்கர் தீவில் சேகரித்த ஒரு காட்டுப்பயறு தப்பியது. டி.சி.1966 என்பது அதன் எண். புழு அதற்குள் நுழைந்தாலும் வளர முடியாமல் செத்துப்போனது. இந்த எதிர்ப்புக் குணம் ஒரே ஒரு ஓங்கு ஜீனால் வருகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். அதாவது பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வந்துவிடும்.

அப்படியானால் நாட்டுப் பயறோடு அதை ஒட்டுச் சேர்த்தால் வேலை முடிந்ததா? இல்லை. காட்டுப்பயறு தனியாக வராது. சிறுத்த கறுத்த விதை, படரும் கொடி, முற்றியதும் வெடித்துச் சிதறும் காய் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். வெடித்துச் சிதறினால் எடுப்புக்குப் போன பெண்ணுக்கு மண்தான் மிஞ்சும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழிக்க வேண்டுமென்றால், வேண்டியது குரோமோசோமில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். மரபணு வரைபடம் என்பது இதற்குத்தான்.

1992இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெவின் யங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்த வரைபடத்தை வெளியிட்டார்கள். டி.சி.1966ஐயும் வண்டு தின்னும் ஒரு பாசிப்பயறு ரகத்தையும் சேர்த்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் 58 செடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் வண்டுக்குக் கொடுத்து எது தப்பியது, எது உளுத்தது என்று குறித்தார்கள். அதே செடியின் டி.என்.ஏ.வை நொதிகளால் துண்டு போட்டு, எந்தத் துண்டு காட்டுவழி, எந்தத் துண்டு நாட்டுவழி என்று 153 அடையாளக்குறிகளை வைத்துப் பார்த்தார்கள். வண்டு தின்னாத செடிகளில் எந்தக் குறி விடாமல் கூடவே வருகிறதோ அதன் பக்கத்தில்தான் அந்த ஜீன் குடியிருக்கிறது. எட்டாவது இணைப்புத் தொகுதியில், ஒரு குறியிலிருந்து 3.6 சென்டிமார்கன் தூரத்தில் அது அகப்பட்டது. நூறு தடவை சீட்டைக் கலைத்தால் மூன்று நான்கு தடவைதான் இரண்டும் பிரியும் என்று அர்த்தம். அந்த 58இல் ஒரே ஒரு செடி, ஜீனை வைத்துக்கொண்டு அதன் இரண்டு பக்கமும் காட்டுவழித் துண்டுகளை உதறியிருந்தது. ஒட்டுக்கட்டுகிறவர்களுக்கு அதுதான் புதையல்.

கதை அங்கே முடியவில்லை. எதிர்ப்புப் பயறில் விக்னாட்டிக் அமிலங்கள் என்ற நச்சுப் பொருள்கள் இருந்தன. வண்டைக் கொல்வது அவைதான் என்று சந்தேகப்பட்டார்கள். 1998இல் காகாவும் இஷிமோட்டோவும் இன்னும் நெருக்கமாக வரைந்து பார்த்தபோது, அந்த நச்சுப் பொருள் இருந்தும் வண்டு தின்ற ஒரு செடி கிடைத்தது. பக்கத்து வீட்டில் இருந்ததுதான் அதன் குற்றம், முக்கியக் கொலையாளி அது இல்லை என்று தெரிந்தது. 2014இல் பாசிப்பயறின் முழு மரபணுத் தொகுதியையும் கொரிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு வாசித்து வெளியிட்டது. 2016இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் வி2802 என்ற பயிரிடும் ரகத்திலிருந்து புறப்பட்டு, ஒரு குறிப்பிட்ட புரத ஜீன்தான் பொறுப்பாக இருக்கக்கூடும் என்று சுட்டினார்கள். முப்பது வருஷத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கைமாறிக் கைமாறி நடந்த வேலை இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பி.டி. பருத்தியைப் போல வேறொரு உயிரின் ஜீனைச் செருகும் காரியம் இல்லை இது. பயறோடு பயறைச் சேர்ப்பதுதான். வரைபடம் அதற்கு வழிகாட்டும், அவ்வளவே. 'மரபணு' என்ற சொல்லைக் கேட்டதும் கொடி பிடிக்கத் தொடங்கிவிடும் நண்பர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பிடிப்பது நல்லது.

3

கவிதை எழுதுகிறவனுக்கு இந்த இடம் ஒரு வலை. ஒதுக்கப்பட்ட காடு, சின்னதாய்க் கறுத்த விதை, யாரும் விரும்பாத கொடி. ஊர் விதையைக் காப்பாற்றக் கடைசியில் அதைத்தான் தேடிப் போகிறார்கள். நம்மைப் பற்றிய உவமை தயாராக உட்கார்ந்திருக்கிறது. கைதட்டல் நிச்சயம். நான் அதை எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள் என்று இளங்கவிஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் 'பிறப்பிலேயே குணம் இருக்கிறது' என்பது மனுவின் வாக்கியம். அதை நமக்குச் சாதகமாகத் திருப்பிப் போட்டாலும் வாக்கியம் அவனுடையதுதான். விதைக்குள் ஒரு ஜீன் இருக்கிறது, அது ஒரு புரதத்தைச் செய்கிறது, புழு சாகிறது. இது பயறில் உண்மை. மனிதக் கூட்டத்தின் அறிவையும் மானத்தையும் இப்படி விளக்க முடியாது. 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இந்த வாதத்தைத்தான் உடைத்தார். சாதி ரத்தத் தூய்மையைக் காக்கிறது, நல்ல சந்ததியைத் தருகிறது என்று விஞ்ஞான வேஷம் கட்டிவந்தவர்களிடம், சாதி இனப் பிரிவே அல்ல, ஒரே மக்களைச் சமூகம் பிரித்துவைத்த பிரிவு என்று சொன்னார். 1990இல் மண்டல் அறிவிப்பு வந்தபோது 'தகுதி' என்ற பெயரில் தெருவுக்கு வந்ததும் அதே பழைய வாதம்தான். இன்றும் அது செத்துவிடவில்லை. தேநீர் இடைவேளையில் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'கணக்கு எங்க ஜீன்லயே இருக்கு சார்.' 'அப்ப கால்குலேட்டரை இங்க குடுங்க' என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம்மை விதையென்று பாடிவிட்டால், விதையைப் பொறுக்கியவள், புடைத்தவள், காயவைத்தவள், அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்தவள் எல்லாரும் மறைந்துபோகிறார்கள். நாம் விதை இல்லை. விதையைத் தெரிந்தெடுத்த கை நாம். வெடிக்காத காயாகவும், பருத்த விதையாகவும், ஒருசேர முற்றுவதாகவும் பார்த்துப் பார்த்து எடுத்துத்தான் காட்டுப்பயறு பாசிப்பயறானது. அது நடந்தது பெரும்பாலும் நம் துணைக்கண்டத்தில். எத்தனையோ நூறு தலைமுறை இந்தத் தெரிந்தெடுத்தலைச் செய்தது. ஆய்வகம் செய்வதும் அதன் தொடர்ச்சிதான். இந்த வரிசையில் உழைத்தவர்களுக்குப் பெயர் இல்லை என்பதே என் புகார். காட்டுப்பயறுக்காவது டி.சி.1966 என்று ஓர் எண் கிடைத்தது.

4

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வருகிறது. 'மரபணுவும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம், நம் முன்னோர்கள் சாம்பலிலும் செம்மண்ணிலும் வைத்துக் காப்பாற்றவில்லையா, அதற்கே திரும்புவோம்' என்கிறார்கள் சில 'பாரம்பரிய'ப் பிரியர்கள். சாம்பல் வேலை செய்யும், நான் மறுக்கவில்லை. விதைகளுக்கு இடையில் புகுந்து வண்டை நடமாட விடாது. எண்ணெய் பூசினால் முட்டை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நல்ல வெயிலில் காயப்போட்டால் உள்ளே இருக்கும் புழுவும் சாகும். உடைத்துப் பருப்பாக்கிவிட்டால் வண்டு அவ்வளவாக அண்டாது. இவையெல்லாம் சோதனையிலும் நிரூபணமானவை.

ஆனால் அந்த 'முன்னோர்கள்' யார்? பண்ணை வீட்டு முற்றத்தில் சித்திரை வெயிலில் பயறைக் காயப்போட்டுக் கிளறி, சாம்பல் பிசைந்து, குதிரில் ஏற்றியவள் யார்? அவள் முற்றம் வரைதான் வரலாம், கூடத்துக்குள் கால்வைக்கக் கூடாது. அந்த அறிவு அவளுடையது, குதிர் அவளுடையது இல்லை. அவள் வீட்டில் அடுக்குப் பானை இருந்தது, பானைக்குள் போட இரண்டு படிக்கு மேல் இருந்ததில்லை. 'பாரம்பரிய அறிவு' என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த கோடு காணாமல் போகிறது. முதுகு உடைய வேலை செய்தவளிடம் போய் 'அந்தக் காலத்துக்கே திரும்பிப் போ தாயீ' என்று சொல்ல நமக்கு வாய் வராது.

இன்றைய கிடங்குகளின் கதையும் வேறு இல்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டுப் புகைமூட்டம் செய்கிறார்கள். அது விஷவாயு. மூட்டை தூக்குகிறவர்களும் கிடங்கைக் கூட்டுகிறவர்களும் யார் என்று போய்ப் பார்த்தால் தெரியும். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் விதை வந்தால் முதலில் மூச்சு விடப்போகிறவர்கள் அவர்கள்தான். இரண்டு படி விதையைச் சாம்பலும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் அடுத்த போகம் வரை வைத்துக்கொள்ள முடிந்தால், விதைக்காகக் கடைக்காரனிடமும் பண்ணையிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆகவே இந்த ஆராய்ச்சிக்கு எதிராக அல்ல, அதன்மேல் நமக்குள்ள பாத்தியதையைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துத்தான். புழுவுக்கு ஆகாத பொருள் மனித வயிற்றுக்கு என்ன செய்யும் என்று கேட்டாக வேண்டும். 1996இல் ஜப்பானில் எதிர்ப்புப் பயறு மாவை எலிகளுக்குக் கொடுத்து, வளர்ச்சியையும் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். அந்த மாதிரிச் சோதனை ஒவ்வொரு புது ரகத்துக்கும் நடக்க வேண்டும், முடிவு தமிழில் வர வேண்டும். சத்துணவில் வேகவைத்த பாசிப்பயறு சாப்பிடுகிறவர்கள் நம் பிள்ளைகள். அவர்களே சோதனை எலிகளாகிவிடக் கூடாது.

5

வரைபடம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது என்ன செய்யும் என்பது அமையும். இதற்கு மெக்சிகோ மஞ்சள் பீன்ஸின் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த லாரி பிராக்டர் 1994இல் மெக்சிகோவிலிருந்து ஒரு பை பீன்ஸ் வாங்கிப் போனார். அதிலிருந்து மஞ்சள் விதைகளைப் பொறுக்கி, சில போகம் பயிரிட்டு, 'எனோலா' என்று பெயர் வைத்து, 1999இல் காப்புரிமை வாங்கிவிட்டார். மெக்சிகோக்காரர்கள் தலைமுறையாய்த் தின்றுவந்த பீன்ஸை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டுமென்றால் இவருக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்று நிலைமை ஆனது. கொலம்பியாவின் காலி நகருக்கு அருகிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை மையம் எதிர்த்து மனுப் போட்டது. 2004இல் கலிஃபோர்னியாவில் பால் கெப்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும், ஜீனைத் தேடப் பயன்படும் அதே மாதிரியான டி.என்.ஏ. குறிகளை வைத்து, 'எனோலா'வும் மெக்சிகோவில் ஏற்கெனவே இருந்த ஒரு ரகமும் ஒன்றுதான் என்று காட்டினார்கள். 2008இல் காப்புரிமை அலுவலகமும் 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த உரிமையைத் தள்ளிவிட்டன. பத்து வருஷம் ஆயிற்று. நடுவில் நொடித்துப்போனவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஆனாலும் திருட்டைப் பிடிக்க அதே தொழில்நுட்பம் சாட்சி சொன்னது என்பதை மறக்க வேண்டாம்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2001இல் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் வந்தது. பதிவான ரகமாகவே இருந்தாலும் விவசாயி அந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், முத்திரை குத்திய விதையாக இல்லாதவரை விற்கலாம் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் 'விவசாயி' யார்? 2ஆம் பிரிவில் மூன்று விளக்கம் இருக்கிறது. தானே நிலத்தில் பயிர் செய்கிறவர். வேறு ஆளை வைத்து நேரடி மேற்பார்வையில் பயிர் செய்கிறவர். காட்டு இனங்களையோ மரபு ரகங்களையோ தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ பேணிக் காப்பவர், அவற்றின் பயனுள்ள குணங்களைத் தெரிந்தெடுத்து மதிப்புக் கூட்டுகிறவர்.

இரண்டாவது விளக்கத்தை இன்னொரு தரம் படியுங்கள். வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர் விவசாயி. சேற்றில் நிற்கிறவர் 'வேறு ஆள்'. 2011 கணக்கெடுப்பில் வேலை செய்யும் தலித்துகளில் ஏறக்குறைய 100க்கு 45 பேர் விவசாயக் கூலிகள். சட்டத்தின் இந்த வரியில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெயர் 'வேறு ஆள்'. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது புதிதில்லை. குத்தகைக்காரருக்கும் பயிர்க்கடன் உண்டு என்று சுற்றறிக்கை சொல்லும். சிட்டா அடங்கல் இல்லாமல் வந்தவர் எத்தனை பேர் கடனோடு திரும்பிப் போனார் என்றால் ஒரு கை விரல் அதிகம். பயறின் ஜாதகம் முழுக்கத் தெரிந்த கிழவிகள் முதியோர் பென்ஷனுக்குக் கைநாட்டு வைக்க வருகிறார்கள். பாரத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதுகிறோம்.

ஆனால் மூன்றாவது விளக்கத்தில் நிலம் என்ற சொல்லே இல்லை. பட்டா கேட்கவில்லை. பேணிக் காத்தாயா, தெரிந்தெடுத்தாயா என்று மட்டும்தான் கேட்கிறது. நம் பெண்கள் செய்ததும் செய்வதும் அதைத்தான். இந்த வரியை நாம் இதுவரை கையிலெடுக்கவில்லை.

எனவே இயக்கத்தின் முன் சிலவற்றை வைக்கிறேன். ஊர் ஊராகச் சேரிப் பெண்களிடம் இருக்கும் பயறு, உளுந்து, தட்டைப்பயறு, மொச்சை விதைகளையும் அவை பற்றிய அறிவையும், சொன்னவர் சம்மதத்தோடு, அவர் பெயர் போட்டு மாணவர்கள் பதிவு செய்ய வேண்டும். அந்த ரகங்களை விவசாயிகள் ரகங்களாகப் பதிவுசெய்யும்போது, ஊர்ப் பெரியதனத்தின் பெயரில் அல்லாமல் அந்தப் பெண்களின் குழுக்கள் பெயரில் பதிவு செய்யப் போராட வேண்டும். அதே சட்டத்தில் பயன் பங்கீடும் தேசிய மரபணு நிதியும் இருக்கின்றன, அந்தப் பணத்தில் பங்கு கேட்க வேண்டும். வண்டு தின்னாத ரகம் அரசு ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து வரும்போது, சிட்டா கேட்காமல் கூலி வீடுகளுக்கும் குத்தகை வீடுகளுக்கும் சிறு பொட்டலமாக முதலில் வந்து சேர வேண்டும். தாவரவியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகள், வேலை கிடைத்தால் போதுமென்று நின்றுவிடாமல், இந்த வரைபடங்களை வாசித்து நம் பாஷையில் சொல்ல வேண்டும். ஒரே ஜீனை நம்பி எல்லா வயலிலும் விதைத்தால் அதைத் தாண்டும் வண்டு நாளைக்கு வரக்கூடும். அப்போது மறுபடியும் காட்டுப்பயறையும் நாட்டுப்பயறையும்தான் தேட வேண்டியிருக்கும். அவற்றை யார் வைத்திருந்தார்கள் என்று அப்போதாவது கேட்பார்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் தோழர்கள் அந்த 2ஆம் பிரிவின் மூன்றாவது வரியைப் படி எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடவே உங்கள் ஊர்ப் பயறு ஒரு கைப்பிடியும், அதைக் கொடுத்தவர் பெயரும்.